கிளப்பைக் கலைத்தார்கள், கோப்பை செய்தார்கள்!

நம்ம சின்ன காஞ்சிபுரத்துல பந்துன்னா கிரிக்கெட் பந்துதான். நீள்வட்டப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ரக்பி, 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் நடந்தது. பக்கத்துக்கு 20 பேர், எல்லோரும் வெள்ளைக்காரர்கள். ஆசை அடங்காமல் 1873 ஜனவரியில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் ஆரம்பித்தார்கள். முதல் வருடத்திலேயே 137 உறுப்பினர்கள்.

அப்புறம் சரிவு. பட்டாளம் ஊர் மாறியது, வெயில் வாட்டியது, டென்னிஸும் போலோவும் ஆட்களை இழுத்தன. இலவச பாரை நிறுத்தியதும் கூட்டம் கரைந்தது என்றும் ஒரு பேச்சு உண்டு :-)

காமர்ஸ் படிக்கிற எனக்கு இனிமேல்தான் சுவாரசியமே. கிளப்பைக் கலைத்தால் மிச்சப் பணம் யாருக்கு? இவர்கள் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. வங்கிக் கணக்கை மூடி, 270 வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்தார்கள். ஒரு ரூபாய் 11.66 கிராம் என்றால் மொத்தம் 3 கிலோவுக்கு மேல். (நம்ம ஊர் ஜரிகைக்காரர்கள் இந்நேரம் எத்தனை புடவைக்கு ஆகும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்!) கைப்பிடிகள் 3 நாகங்கள், மூடிமேல் ஒரு யானை.

அதை இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்கே அனுப்பிவிட்டார்கள். 1879 மார்ச்சில் எடின்பரோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக மோதிய முதல் மேட்ச் டிரா. இன்றும் அதன் பெயர் கல்கத்தா கோப்பைதான். 1988-ல் மேட்ச் முடிந்த இரவு, வீரர்கள் சிலர் அதையே பந்தாக்கி எடின்பரோ தெருவில் உதைத்து நசுக்கினார்கள்... பாவம் அந்த யானை!