பசித்த மண்ணும் புள்ளி விழுந்த பயிரும்

1943ஆம் ஆண்டு வங்கத்துத் தெருக்களிலே மக்கள் சுருண்டு விழுந்து மாண்டனர். விசாரணைக் குழு 15 இலட்சம் பேர் என்றது. பின்னர் ஆராய்ந்தோர் பலர் 30 இலட்சம் என்பர். விதியென்று கூறி விலகுவோர் விலகட்டும். நாம் வயலுக்குள் இறங்கிப் பார்ப்போம்.

1942இல் அங்கே நெற்பயிரைச் செம்புள்ளி நோய் சூழ்ந்தது. இலையிலும் மணியிலும் பழுப்புப் புள்ளிகளைப் பரப்பும் பூசணம் அது. அவ்வாண்டின் வானிலை அதற்குத் துணை நின்றது, விளைச்சல் வீழ்ந்தது, பஞ்சம் பிறந்தது என்று நெல் ஆராய்ச்சியாளர் பத்மநாபன் 1973இல் எழுதினார். அமர்த்தியா சென் 1981இல் மறுத்தார். 1943இல் வங்கத்திலிருந்த உணவு, 1941ஐவிட 13 விழுக்காடு மிகுதி என்பது அவர் கணக்கு. பஞ்சம் வராத ஆண்டன்றோ 1941! போர்க்கால விலையேற்றமே கூலியாளின் கலத்தைக் கவிழ்த்தது என்றார். நமக்கும் அவர் வாதமே வலுவுடையதாகத் தோன்றுகிறது. ஆயினும், பூசணம் எங்கே வேரூன்றுகிறது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறதே!

செம்புள்ளி, ஏழை மண்ணின் நோய். சாம்பல் சத்துக் குறைந்தால் இலைக்குள் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் புரதமாகாமல், மாவாகாமல் தேங்குகின்றன. பூசணத்துக்கு அது விருந்து! சிலிக்காவோ இலைத்தோலில் படிந்து கவசமாகிறது. அது குன்றினால் கதவு திறந்த வீடுதான்.

ஜப்பானியர் 'அகியோச்சி' என்றொரு கேட்டைக் கண்டனர். முதலில் பச்சைப் பசேலென வளரும் பயிர், இலையுதிர் காலத்தில் சோரும். இரும்பு கரைந்து போன வயலில் நீரகச் சல்பைடு வேரை அரிக்கிறது. கெட்ட வேர் சாம்பல் சத்தையும் சிலிக்காவையும் உறிஞ்சுவதில்லை. செம்புள்ளி வந்து சேர்கிறது. வழிபாடு கேட்கும் நோயா இது? இரும்பாலைக் கசடை வயலில் இட்டனர். 1955இல் ஜப்பான் அரசு சிலிக்காவை உரமென ஏற்றது.

அப்படியானால் உரத்தைக் கொட்டலாமா? கூடாது. தழைச்சத்து மிகுந்தால் குலைநோய் கொண்டாடும்! ஒரு பூசணத்துக்குப் பட்டினிப் பயிர் இரை, மற்றொன்றுக்குக் கொழுத்த பயிர் இரை. அளவே அரண்.

நெல் மண்ணிலிருந்து எடுத்த சாம்பல் சத்திலும் சிலிக்காவிலும் பெரும்பங்கு வைக்கோலில் இருக்கிறது. வைக்கோல் வயலைவிட்டுப் போனால் அவையும் போகும். பாதி விளைச்சலை நிலக்கிழாருக்கு அளந்த வங்கத்து வாரக் குடியானவன், மண்ணுக்கு எதைத் திருப்பித் தந்திருக்க முடியும்? 1946இல் தெபாகா கிளர்ச்சியில் இறங்கி, மூன்றில் இரண்டு பங்கு தமக்கே வேண்டுமென்று அவர்கள் கேட்டனர்.