பெண்ணையாற்றங்கரை – 14: எல்லீசும் இரண்டு அணைகளும்

தளவானூர் அணை உடைந்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். விழுப்புரத்திலிருந்து போகும்போது எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டில் இறங்கினேன். வினை அங்கேயே தொடங்கிவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டால் எனக்குச் சென்னை கலெக்டராக இருந்த எல்லீஸ் துரையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

கால்டுவெல்லுக்கு 40 ஆண்டுகள் முன்பே, 1816-ல், தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்று எழுதியவர் அவர். வள்ளுவர் உருவம் பொறித்துத் தங்கக் காசு அடித்தவர். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது 27 கிணறுகள் வெட்டினார். ராயப்பேட்டைக் கிணற்றுக் கல்வெட்டில் அந்தக் கணக்கோடு, ‘நாடு’ அதிகாரத்துக் குறளையும் பொறித்து வைத்தார். 1819-ல் ராமநாதபுரத்தில் இறந்தார். நஞ்சு கலந்ததைத் தெரியாமல் உட்கொண்டார் என்பார்கள். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் மதுரையில் அடுப்பெரிக்கப் போயின என்பது அதைவிடக் கொடுமையான செய்தி. கிணறு வெட்டியதற்கே கணக்கைக் கல்லில் எழுதி வைத்த மனிதர்! என் கணக்கில் அவர்தான் நாயகர்.

சரி, அணைக்கு வருகிறேன். எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு 1949-50-ல் கட்டியது. ஆழங்கால் வாய்க்கால், ரெட்டி வாய்க்கால் என்று பிரிந்து ஏரிகளை நிரப்பியது. 70 ஆண்டு உழைத்து, 2021 நவம்பர் வெள்ளத்தில் கரையோரம் அரித்துப் போனது. வெள்ளம் ஊருக்குள் திரும்பாமலிருக்க, வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

தளவானூர் அணைக்கோ அந்த ஆயுசு இல்லை. 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 2020 செப்டம்பரில் திறப்பு. 2021 ஜனவரி 23-ல் எனதிரிமங்கலம் கரைப் பக்கம் உடைப்பு. பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த நவம்பர் வெள்ளத்தில் அதற்கும் வெடிதான்.

இரண்டிலும் ஆறு கைவைத்தது ஓரத்தில். மணலாற்றில் நடுச்சுவர் எத்தனை கனமாக இருந்தாலும், கரையோடு சேரும் இடம் பலமில்லை என்றால் தண்ணீர் பக்கவாட்டில் அரித்து வழி பண்ணிக்கொள்ளும். 70 வயதில் விழுந்ததற்கு முதுமை என்று சொல்லலாம். நாலு மாதத்தில் விழுந்ததற்கு வெள்ளத்தைக் காரணம் காட்டக் கூடாது. அது கட்டியவர்களும் சரிபார்த்தவர்களும் செய்த பிழை. ஆற்றில் எங்கே புது அணை எழுந்தாலும், மதகை வேடிக்கை பார்ப்பதோடு நிற்காமல் கரை ஓரத்தையும் போய்ப் பாருங்கள்.

அடுத்த வாரம் சாத்தனூர்.