குழந்தை ஆஸ்துமா: உலகப் பட்டியலும் புதுக்கோட்டையின் கணக்கும்

13–14 வயதுப் பிள்ளைகளில் கடந்த ஓராண்டுக்குள் மூச்சிரைப்பு வந்தவர்கள் திபெத்தில் 0.8 விழுக்காடு, நியூசிலாந்தின் வெலிங்டனில் 32.6 விழுக்காடு. 6–7 வயதில் மிகக் குறைந்த எண் ராஜஸ்தானின் ஜோத்பூருக்கு உரியது, 2.4, மிகக் கூடியது கோஸ்டா ரிகாவுக்கு உரியது, 37.6. ‘ஐசாக்’ என்ற பன்னாட்டு ஆய்வின் மூன்றாம் கட்டத்தில், 97 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ எட்டு லட்சம் வளரிளம் பிள்ளைகளிடமும், 61 நாடுகளில் ஏறத்தாழ நான்கு லட்சம் சிறுபிள்ளைகளின் பெற்றோரிடமும் திரட்டிய எண்கள் இவை. இந்தப் பட்டியலைப் பார்த்து இந்தியக் குழந்தைகள் பிழைத்தார்கள் என்று எண்ணுவோர் மருத்துவத் துறையிலேயே உண்டு. அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது என்பது என் வாதம்.

முதலில், எண் வந்த வழியைப் பார்க்க வேண்டும். இந்த ஆய்வு முழுவதும் கேள்வித்தாளை நம்பியது. வளரிளம் பிள்ளைகள் தாங்களே நிரப்பினார்கள். சிறுபிள்ளைகளுக்காகப் பெற்றோர் நிரப்பினார்கள். ஆகவே அது நோயோடு சேர்த்து, நோயை அடையாளம் காணும் பழக்கத்தையும் அளக்கிறது. நம் பக்கத்தில் இரவெல்லாம் இருமும் குழந்தைக்கு வீட்டில் ‘சளி’ என்பார்கள், கொஞ்சம் முற்றினால் ‘வீசிங்’. ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்று மாதக்கணக்கில் காசநோய் மருந்து விழுங்கிய பிள்ளைகளும் உண்டு. ஆஸ்துமா என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. பெண் பிள்ளையானால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் அது வந்து நிற்குமே என்ற பயம்.

நோய் இப்படி அடையாளம் காணப்படாமல் போவதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 12 வயதுக்குட்பட்ட 855 நகர, கிராமக் குழந்தைகளை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வில் மூச்சுச் சிரமம் இருந்தவர்கள் 18 விழுக்காடு. ஆஸ்துமா என்று கண்டறியப்பட்டவர்கள் 5 விழுக்காடு. மூச்சுச் சிரமம் எல்லாமே ஆஸ்துமா ஆகாது என்று மறுக்கலாம். மறுப்பு சரிதான். ஆனால் உலக ஆஸ்துமா வலையமைப்பின் இந்திய ஆய்வு மூச்சிரைப்பையே கேட்டது. மூச்சிரைப்பு இருந்தவர்களில் 82 விழுக்காட்டினருக்கும், கடுமையான அறிகுறி இருந்தவர்களிலேயே 70 விழுக்காட்டினருக்கும் நோய் கண்டறியப்படவில்லை. மூச்சிரைப்பு இருந்தவர்களில் நோயைத் தடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தினமும் எடுத்தவர்கள் 2.5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஐசாக் மூன்றாம் கட்டம் சொன்ன இன்னொரு முடிவு பட்டியல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை: மூச்சிரைப்பு வசதியான நாடுகளில் அதிகம், அதன் கடுமை ஏழை நாடுகளில் அதிகம்.

அந்த இந்திய ஆய்வு நடந்த ஒன்பது மையங்களில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. நமக்கு மிக அருகில் இருந்தவை கோட்டயமும் மைசூருவும். அவற்றின் சராசரியைப் புதுக்கோட்டைக்குப் பொருத்துவது எப்படி? மாவட்டத்துக்குள்ளேயே காற்று ஒன்றாக இல்லை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் கடற்காற்று. கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பக்கம் முந்திரியும் தைல மரமும். வடமேற்கே போனால் கல்குவாரியும் கிரஷரும். கேஸ் சிலிண்டர் வந்த பிறகும் விறகடுப்பு அணையாத வீடுகள் எங்கும் உண்டு. திறந்த அடுப்புச் சமையலுக்கும் பிள்ளைகளின் மூச்சிரைப்புக்கும் தொடர்பு இருப்பதை ஐசாக் தரவே காட்டியிருக்கிறது. கிராமக் காற்று சுத்தமானது என்ற பேச்சு சமையற்கட்டுக்குள் செல்லாது.

எனவே இம்மாவட்டத்துக்கு வேண்டியது உலகப் பட்டியலில் இன்னொரு வரிசை எண் அன்று. இரைக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நோய் கண்டறியப்பட்டிருக்கிறது, எத்தனை பேர் கையில் தடுப்பு இன்ஹேலர் இருக்கிறது என்ற விகிதமே வேண்டும். அதைத் திரட்டப் புதிய அமைப்பு தேவையில்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் மூச்சுக்குழாய் இறுக்கமும் ஒன்று. அதன் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் போகின்றன. இரவு இருமல், விளையாடும்போது இரைப்பு, கடைசியாக நெபுலைசர் வைத்த நாள் என மூன்று கேள்விகளை அவர்கள் தாயிடம் கேட்டாலே போதும். 1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்காக வீடு வீடாகப் போன மாவட்டம் இது. தாயைத் தேடி வீட்டுக்கே போக வேண்டியிருந்தாலும், கேட்கப் போகும் ஆட்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

கணக்கெடுப்பு மட்டும் நடந்து மருந்து வராவிட்டால் அது வீண் வேலை. நெபுலைசர் வைத்து, சால்பூட்டமால் சிரப் கொடுத்து அனுப்புவது அன்றைய இரவுக்கு மட்டுமே உதவும். தடுப்பு மருந்தான புடிசோனைடு இன்ஹேலரும், சிறுபிள்ளைகள் அதை உள்ளிழுக்க உதவும் ஸ்பேசர் குழாயும், இரண்டையும் பயன்படுத்தச் சொல்லித்தர ஒரு செவிலியரும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க மாவட்டச் சுகாதார நிர்வாகம் முதலில் ஏற்பாடு செய்யட்டும். கணக்கெடுப்பை அதன் பிறகு தொடங்கலாம்.