ஹரீமும் கட்டக்காடுவையும்



1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு ஹனபி மத்ஹபின் அடிப்படையில் 'மஜல்லா' என்னும் சட்டக்கோவையைத் தொகுத்தது. ஒருவரின் கிணற்றருகே மற்றொருவர் மலக்குழி அமைத்து, அதனால் நீர் கெட்டுவிட்டால் அத்தீங்கு நீக்கப்பட வேண்டும். நீக்க முடியாவிடின் குழியே மூடப்பட வேண்டும் என்கிறது அதன் 1212ஆம் பிரிவு. கிணற்றின் ஒவ்வொரு பக்கமும் 40 முழம் 'ஹரீம்'. அதாவது, பிறர் கைவைக்கலாகாத காப்பு நிலம். (நமது ஷாபிஈ மத்ஹப் இமாம்கள் முழக்கணக்கைவிடத் தேவையையே அளவாகக் கொண்டனர்.) தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஓதிய நமக்கு இது புதிதன்று.

இத்தகைய காப்பு நிலம் நம் நாட்டின் வரண்ட வலயத்திலும் இருந்தது. அநுராதபுர மாவட்டத்தில் சிங்களவரும் முஸ்லிம்களும் அயலவராய் வேளாண்மை செய்யும் ஊர்களில் குளங்கள் சங்கிலித் தொடராய் அமைந்துள்ளன. மேற்குளத்து வயலில் வடிந்த நீர் கீழ்க்குளத்தைச் சேரும். குளத்திற்கு மேலே 'குளுவெவ' எனும் சிறுகுளம் இருந்தது. அது பாய்ச்சலுக்கன்று, சேறு படிவதற்கென்றே அமைக்கப்பட்டது. அலைகரையில் 'பெரஹன' எனும் புற்றரை வண்டலை வடித்தது. குளக்கட்டின் கீழே மருதும் தாழையும் அடர்ந்த 'கட்டக்காடுவ', கசிநீரின் உப்பை உறிஞ்சி வயலைக் காத்தது. ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017இல் இம்முறையை உலக விவசாய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

ஆனால் அதற்குள் பல ஊர்களில் அப்புற்றரையும் காடும் உழப்பட்டிருந்தன. 1962இல் பசளை மானியம் தொடங்கியது. அது நம் பசியைத் தணித்தது. அதை மறுப்பது நன்றிகேடு. எனினும் பயிர் உண்டது போக எஞ்சிய நைதரசனும் பொசுபரசும் மழையோடு ஓடியபோது, தடுத்து நிறுத்தப் புல் இருக்கவில்லை. அவை குளத்தில் பாசிக்கு உணவாயின. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அவ்வேளை நாடு முழுவதும் பசளையைப் பற்றியே பேசியது. உழப்பட்ட காப்பு நிலத்தைப் பற்றிப் பேசியோர் சிலரே.

அந்நிலத்தை உழுதவர் அந்நியரல்லர். கால் ஏக்கர் கூடுதலாகக் கிடைக்குமென்று வரம்பைத் தள்ளியவர்களில் நம்மவரும் உண்டு. தம் கிணற்றருகே எவரேனும் மலக்குழி வெட்டினால் அவர்கள் பொறுத்திருக்க மாட்டார்கள். மேற்குளத்து வயலில் தெளித்த கிருமிநாசினியோ, கீழ்க்குளத்தில் வுழூச் செய்ய இறங்கும் முதியவரின் உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது.