சத்தம் போடாத ரெண்டு நண்பர்கள்

போர்க்குபைன் ட்ரீ வச்சிருக்கற இங்கிலாந்துக்காரர் ஸ்டீவன் வில்சன். ஓபெத் வச்சிருக்கற ஸ்வீடன்காரர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட். 2001ல வந்த ஓபெத்தோட 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்துல வில்சன் கூட வேலை செஞ்சதுல இறுகின நட்பு இது.

2011ல 'ஹெரிடேஜ்' ஆல்பத்துல உறுமல் குரலை விட்டதுக்கே ஓகர்ஃபெல்ட்டுக்கு ரசிகர்கள்கிட்ட ஏகப்பட்ட திட்டு. அப்புறம் 2012 மே மாசம் ரெண்டு பேரும் சேர்ந்து 'ஸ்டார்ம் கரோஷன்' வெளியிட்டாங்க. கிதார்ல அனல் பறக்கும்னு காத்திருந்தவங்களுக்குக் கிடைச்சது ஆறே பாட்டு: நாட்டுப்புறச் சாயல், வயலின் கூட்டம், நடுநடுவே நிசப்தம். டிரம்ஸ் எப்பவாவதுதான்.

சொந்த பேண்ட் பேருல இதைச் செய்ய முடிஞ்சிருக்குமா? சந்தேகம்தான். சரவுண்ட் சவுண்டுக்காக கிராமி பரிந்துரையும் கிடைச்சது. ராத்திரி விளக்கை அணைச்சிட்டுக் கேளுங்க. பிடிக்கலைன்னா பின்னூட்டத்துல திட்டுங்க :)