டேப் கூடினால் பிரவுசர் ஏன் திணறுது? ஒரு குட்டி வரலாறு 🧵

1/ போன மாசம் கொடைக்கானல்ல இருந்தேன். மன்னவனூர்ல ஒரு அம்மாவுக்கு நெஞ்சு வலி. அவங்க மகன் ஈசிஜி அனுப்பினார். என் லேப்டாப்ல அது திறக்கவே இல்லை. திறந்து கிடந்த டேப் 47! கடைசியில் போன்ல பார்த்து, "உடனே கூட்டிட்டு வாங்க"ன்னு சொன்னேன். அம்மா இப்போ நலம். ஆனா அந்த மூணு நிமிஷம் என்னை உறுத்திட்டே இருந்துச்சு.

2/ நெட்டைத் திட்டினேன். தப்பு நெட்டில் இல்லைங்க.

3/ 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0 வந்து, டேப் பழக்கத்தைப் பரவலாக்கியது. அப்போ எல்லா டேபும் ஒரே பொது வார்டு. ஒரு பக்கம் கெட்டால் மொத்த பிரவுசரும் படுத்துடும்.

4/ 2008 செப்டம்பர் 2. குரோம் வந்தது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை அதை வழிநடத்தியவர்களில் ஒருவர். புது யோசனை: டேபுக்குத் தனி அறை. ஒண்ணு கெட்டாலும் மத்தது பிழைக்கும்.

5/ ஆனா தனி அறைன்னா தனிக் கட்டில், தனி ஆக்சிஜன். அதாவது கூடுதல் ரேம்.

6/ 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் எனும் பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. அதைத் தடுக்க தளத்துக்குத் தளம் தடுப்புச்சுவர். அதற்கு 10 முதல் 13% கூடுதல் ரேம் ஆகும்னு கூகுளே சொன்னது.

7/ ரேம் நிரம்பினால்? கணினி சில நோயாளிகளைப் பக்கத்துக் கட்டடத்துக்கு (டிஸ்க்) மாற்றும். நீங்க கேட்டதும் திரும்பத் தூக்கி வரும். ஸ்ட்ரெச்சர் தள்ளவே நேரம் போனால் வைத்தியம் எப்போ பார்க்கிறது? பீட்டர் டென்னிங் 1968லேயே இதை விளக்கி எழுதிட்டார். பெயர் "த்ராஷிங்".

8/ கொடைக்கானலும் இதே கதைதான். மலைப்பாதை தாங்குற அளவுக்கு மேல் வண்டி. உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 சீசனில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிதான். சாலையை அகலப்படுத்தலை, வரவை அளந்தாங்க.

9/ குரோமில் இப்போ "மெமரி சேவர்" இருக்கு. பார்க்காத டேபை டிஸ்சார்ஜ் பண்ணிடும். தொட்டால் மறுபடி லோட் ஆகும். அதை ஆன் பண்ணுங்க. "அப்புறம் படிக்கலாம்"னு வெச்சதை புக்மார்க் போட்டு மூடுங்க.

10/ நான் இப்போ ஓபி நேரத்தில் 5 டேபுக்கு மேல் திறக்கிறதில்லை. அடுத்த ஈசிஜி எப்போ வரும்னு தெரியாதே. 🙏