கடல்கடந்த வணிகமும் வரிச்சட்டமும்: பர்மா, இலங்கை முஸ்லிம் வணிகர் வரலாற்றில் ஒரு பக்கம்

சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் இரயில் முதலில் கடக்கும் சந்திப்பு பேசின் பிரிட்ஜ். பக்கிங்காம் கால்வாயும், 1907 முதல் நகருக்கு மின்சாரம் வழங்கிய பழைய மின் நிலையமும் அமைந்த இடம் அது. அதற்கு அண்மையில் உள்ள வியாசர்பாடியில், 1960களில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தமிழர் பலர் குடியமர்த்தப்பட்டனர். 1969இல் கடற்கரைச் சாலையில் பர்மா பஜார் உருவானதும் இவர்களின் மறுவாழ்வுக்காகவே. வந்தோரில் நம் சமுதாயத்தவரும் இருந்தனர்.

அவர்கள் இழந்த கடைகளைப் பற்றியும், கொண்டு வந்த அத்தோ உணவைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அயல்நாட்டில் தொழில் செய்தவர்கள் எந்தெந்த அரசுக்கு எவ்வளவு கடமைப்பட்டிருந்தனர், எந்தப் பதிவேட்டை யாரிடம் காட்ட வேண்டியிருந்தது என்பவை அரிதாகவே ஆராயப்படுகின்றன. அவர்களின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் விளங்கிக்கொள்ள இந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

முன்னோர் கண்ட நெறி

அயல்நாட்டு வணிகரிடம் வரி வாங்குவது இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதன்று. எதிரி நாடுகளுக்குச் செல்லும் முஸ்லிம் வணிகரிடம் அங்கே பத்தில் ஒரு பங்கு வசூலிக்கப்படுவதாக அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) எழுதியபோது, அவ்வாறே அந்நாட்டு வணிகரிடமும் வாங்குமாறு கலீஃபா உமர் (ரலி) ஆணையிட்டார்கள். திம்மிகளுக்கு இருபதில் ஒரு பங்கும், முஸ்லிம்களுக்கு நாற்பதில் ஒரு பங்கும் விதிக்கப்பட்டன. இருநூறு திர்ஹத்திற்குக் குறைந்த சரக்கிற்கு வரியில்லை. இமாம் அபூயூஸுஃப் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்கள். விகிதம், விலக்கு, பிறநாட்டுடன் சமநிலை ஆகிய மூன்றும் அன்றே வரையறுக்கப்பட்டிருந்தன.

அபயம் பெற்று அயல்நாட்டில் நுழையும் முஸ்லிம், அங்குள்ளோரின் பொருளில் மோசடி செய்யலாகாது என்பது ஃபிக்ஹ் நூல்களின் தெளிவான தீர்ப்பு. கீழைக் கடலில் நம் முன்னோர் இந்நெறிப்படியே இயங்கினர். பதினைந்தாம் நூற்றாண்டு மலாக்காவில் மேற்கிலிருந்து வரும் கப்பல்கள் நூற்றுக்கு 6 வீதம் சுங்கம் செலுத்தின. வணிகக் குழுக்களுக்கெனத் தனித்தனி ஷாபந்தர்கள் இருந்தனர். சோழமண்டலக் கரை வணிகரும் இந்த ஒழுங்குக்கு உட்பட்டே அங்கு செழித்தனர்.

இருந்த இடத்திலேயே அயலாரானோர்

பர்மாவின் நிலை வேறு. 1885ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அந்நாடு முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாயிற்று. மதராஸில் செல்லுபடியான 1922ஆம் ஆண்டு வருமான வரிச்சட்டமே ரங்கூனிலும் நடைமுறையில் இருந்தது. 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். 'சூலியா' என்றழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் அந்நகரில் பள்ளிவாசலும் தர்காவும் கட்டி வேரூன்றியிருந்தனர்.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா தனியாகப் பிரிக்கப்பட்டது. கடையும் கல்லாவும் கணக்கப்பிள்ளையும் இருந்த இடத்திலேயே இருக்க, வணிகர் மட்டும் ஒரே நாளில் 'வெளிநாட்டில் தொழில் செய்பவர்' ஆனார். இரு அரசுகளும் ஒரே வருமானத்திற்கு வரி கேட்கும் நிலை எழுந்ததால் இரட்டை வரி நிவாரணத்திற்குத் தனி ஆணை பிறப்பிக்க நேர்ந்தது.

இரண்டாண்டுகளில் அடுத்த மாற்றம் வந்தது. 1922 சட்டப்படி, அயல்நாட்டில் ஈட்டிய வணிக இலாபத்தை மூன்றாண்டுகளுக்குள் தாயகம் கொண்டுவந்தால் மட்டுமே இங்கு வரி. கொழும்பிலேயே மறுமுதலீடு செய்த பணத்தை மதராஸ் அதிகாரி தொடுவதில்லை. 1939ஆம் ஆண்டுத் திருத்தமோ, இங்கு 'வசிப்பவர்' எனக் கருதப்படுவோரின் உலகளாவிய வருமானத்திற்கும் வரி விதித்தது. கொண்டுவரப்படாத அயல்நாட்டு வருமானத்தில் ரூ. 4,500 வரை மட்டும் விலக்கு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தது பலரும் அறிந்த செய்தி. நம் வணிகரையும் அது அதே அளவு பாதித்தது.

வீடு யாருடையது?

யார் 'வசிப்பவர்' என்பதே இங்கு மையக் கேள்வி. ஆண்டில் 182 நாட்கள் இங்கிருந்தவர் வசிப்பவர் என்பதில் சிக்கலில்லை. ஆனால், 182 நாட்களுக்கு இங்கு ஒரு குடியிருப்பைப் பராமரிப்பவரும், அல்லது அவருக்காகப் பிறரால் குடியிருப்புப் பராமரிக்கப்படுபவரும், அவ்வாண்டில் எவ்வளவு குறைந்த காலம் இங்கு வந்து சென்றாலும் வசிப்பவரே என்று சட்டம் கூறியது. பல ஆண்டுகள் தொடர்ந்து வெளியிலேயே இருந்தோர்க்கு 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற தனி வகை ஓரளவு தளர்வளித்தது.

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் வழக்கத்தை இதனோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இவ்வூர்களில் திருமணத்தின்போது பெண்ணுக்கு வீடு கொடுக்கப்படும். கணவர் மனைவியின் வீட்டிலேயே வாழ்வார். வணிகர் கொழும்பிலோ ரங்கூனிலோ ஆண்டு முழுவதும் இருந்துவிட்டு, பெருநாளுக்கோ திருமணத்திற்கோ சில வாரங்கள் ஊர் வருவார். அவர் தங்கும் வீடு சட்டப்படி மனைவியின் சொத்து. செலவுக்கு அவர் பணம் அனுப்புகிறார். எனில் அது அவர் பராமரிக்கும் குடியிருப்பா, அவருக்காகப் பராமரிக்கப்படுவதா, இரண்டும் இல்லையா? குடும்பப் பாசத்தின் அடையாளமான ஒரு வருகை வரி வழக்காக மாறக்கூடிய நிலை அது. 'குடியிருப்பு' என்ற சொல்லின் பொருளை நீதிமன்றங்கள் நெடுங்காலம் ஆராய்ந்தன. 1961ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விதியோடு 30 நாள் தங்கல் என்ற நிபந்தனையைச் சேர்த்தது. 1982ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விதியையே நீக்கியது.

எழுதப்பட்ட கூட்டும் எழுதப்படாத கூட்டும்

மற்றொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. இந்து கூட்டுக்குடும்பம் சட்டத்தின் பார்வையில் தனியொரு வரி அலகு. முஸ்லிமுக்கு அவ்வமைப்பு இல்லை. தந்தை மறைந்த கணமே மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் உரிய பங்குகள் அவரவர்க்கு உரியவையாகின்றன. ஆகவே சகோதரர்கள் சேர்ந்து நடத்தும் கடை, சட்டத்தின்முன் ஒரு கூட்டு வணிக நிறுவனமே.

அத்தகைய நிறுவனம் 1922 சட்டத்தின் 26ஏ பிரிவின்கீழ் பதிவு பெற வேண்டுமானால், ஒவ்வொருவர் பங்கையும் குறிப்பிடும் எழுத்து மூலமான ஒப்பந்தம் தேவை. பதிவு பெற்றால் அவரவர் பங்கிற்கு ஏற்பத் தனித்தனியே வரி. பெறாவிடில் மொத்த இலாபமும் ஒரே தொகையாகக் கணக்கிடப்பட்டு உயர்ந்த வீதத்திற்குள் செல்லும். வாய்ச்சொல்லை நம்பி நடந்த கடைகளுக்கு இது பேரிழப்பு.

திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சிகளை ஏற்படுத்தவும் பணிக்கிறது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வடையலாகாது என்பதும் அதன் அறிவுரை. அந்நியச் சட்டம் வந்து கேட்பதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மிடம் கேட்கப்பட்ட ஒழுங்கு இது. வரிச்சட்டத்தின் கடுமையை மட்டும் சொல்லி, நம் சோர்வைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது.

எந்த ஒழுங்கும் காக்க இயலாத நாட்கள்

ஆயினும் எல்லா இழப்பையும் சோர்வின் மீது சுமத்தவும் இயலாது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது நடந்தே தாயகம் திரும்பியோர் பேரேடுகளைச் சுமந்து வரவில்லை. 1964இல் நே வின் அரசு மார்ச் மாதம் ரங்கூனின் கடைகளையும், ஏப்ரலில் நாடெங்கும் உள்ள வணிகத்தையும் தேசியமயமாக்கியது. மே 17 அன்று 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டன. வரி ஒழுங்காகச் செலுத்தியவரும் செலுத்தாதவரும் ஒரே கப்பலில் வெறுங்கையுடன் ஏறினர். இலங்கையில் 1963ஆம் ஆண்டு நிதிச் சட்டம், குடியுரிமை அற்றோர் அசையாச் சொத்து வாங்கினால் அதன் மதிப்புக்குச் சமமான, நூற்றுக்கு நூறு வரி விதித்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படிக் குடியுரிமை கோரி விண்ணப்பித்தோரும் தொடர்ந்து வசித்ததற்கு ஆவணச் சான்று காட்ட வேண்டியிருந்தது. அங்கும் காகிதமே வழக்கை முடிவு செய்தது.

பிற்காலத்தில் அரசுகள் தம்முள் உடன்பாடு கண்டன. இலங்கையுடன் 1956இலும், பின்னர் 1982இலும் 2013இலும், மியான்மருடன் 2008இலும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ரங்கூனில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு மியான்மர் ஒப்பந்தம் நாற்பத்துநான்கு ஆண்டுகள் பிந்தியது.

இன்றும் நம் இல்லங்களின் பழைய பெட்டிகளில் பர்மா, இலங்கைப் பேரேடுகளும், கூட்டுப் பத்திரங்களும், வரி ரசீதுகளும் கிடக்கக்கூடும். அரபுத் தமிழில் எழுதப்பட்ட கணக்குகளும் அவற்றுள் இருக்கலாம். அவற்றைப் படிக்கத் தெரிந்த தலைமுறை மறைந்து வருகிறது. பழைய தாளென்று அவற்றை எடைக்குப் போட்டுவிடாமல், நம் கல்லூரி நூலகங்களுக்கோ ஆவணக் காப்பகங்களுக்கோ அளிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். நம் வணிகர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு அவர்களே தம் கைப்பட எழுதிவைத்த சாட்சியம் அதுவே.